கொக்கிகளை எண்ணிவிட்டுப் பெயர் எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆழ்கடல் கொக்கிக் கணவாய்களைப் பற்றியவை. ஒனிகோட்யூதிஸ் பாங்க்ஸி, ஒனிகோட்யூதிஸ் போரியாலிஜபோனிகா என்ற இரண்டு உறவினங்களைப் பிரித்தறிவது எப்படி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றை ஒட்டி வந்த சில சில்லறைக் கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: கொக்கிக் கணவாய் என்றால் ஒரே குடும்பமா? கையில் இருப்பது நீங்கள் சொல்லும் வகைதானா என்று முதலில் எப்படி உறுதி செய்வது?

ஒரே குடும்பம் இல்லை. கணவாய்களில் பல குடும்பங்களுக்குக் கொக்கி உண்டு. ஆகவே "கொக்கி இருக்கிறதா" என்பதோடு நின்றுவிடாமல், அது எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஊசிக் கணவாய்க்கு எட்டுக் கைகள், அவற்றோடு இரண்டு நீண்ட பற்றுக்கரங்கள். பற்றுக்கரத்தின் நுனி விரிந்து தட்டையாக இருக்கும். அதை மடல் என்று வைத்துக்கொள்வோம். ஒனிகோட்யூதிடே குடும்பத்தில் கொக்கிகள் மடலில் மட்டுமே இருக்கும். எட்டுக் கைகளிலும் வெறும் உறிஞ்சிகள்தான், அதுவும் இரண்டே வரிசை. கையில் உறிஞ்சியும் கொக்கியுமாக நான்கு வரிசை தெரிந்தால் அது கொனாட்டிடே குடும்பம். அங்கே மேல் மூன்று சோடிக் கைகளின் நடு இரண்டு வரிசைகள் கொக்கியாக மாறியிருக்கும். உடம்பு சிறியது, கைகளில் கொக்கி, அடிப்புறத் தோல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஒளியுறுப்பு என்றால் எனோப்லோட்யூதிடே. வளர்ந்த விலங்கு, கைகளில் கொக்கி, பற்றுக்கரமே இல்லை என்றால் ஆக்டோபோட்யூதிடே.

குடும்பம் உறுதியான பின் பேரினத்துக்கு வாருங்கள். ஒனிகோட்யூதிஸுக்கு இரண்டு அடையாளங்கள். முதுகின் நடுக்கோட்டில், தோலுக்கு அடியில், உள்தகடு ஒரு கருங்கோடாகத் தெரியும். வயிற்றைத் திறந்தால் குடலின் அடிப்பக்கம் இரண்டு ஒளியுறுப்புகள் இருக்கும். கண்ணின் கீழ்ப்பக்கத்திலும் ஓர் ஒளிப்பட்டை உண்டு. இதே குடும்பத்து ஒனிகியா பேரினத்துக்குக் கருங்கோடும் இல்லை, ஒளியுறுப்பும் இல்லை. பெயரே அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது: கிரேக்கத்தில் ஒனிக்ஸ் என்றால் நகம், ட்யூதிஸ் என்றால் கணவாய். ஜப்பானியரும் இதைத் "ட்சுமெ இகா" என்கிறார்கள். அதற்கும் நகக் கணவாய் என்றே பொருள்.

கேள்வி: உறிஞ்சி எப்படிக் கொக்கியாகிறது? பிடித்த இரையை இந்தக் கொக்கி எப்படி வைத்துக்கொள்கிறது?

ஒவ்வொரு உறிஞ்சியின் வாயிலும் ஒரு கடினமான வளையம் உண்டு. குஞ்சுப் பருவத்தில் மடலில் இருப்பவை சாதாரண உறிஞ்சிகள்தான், நான்கு வரிசை. வளர வளர, நடு இரண்டு வரிசைகளில் வளையத்தின் ஒரு பக்க விளிம்பு மட்டும் நீண்டு வளைகிறது. மறுபக்கம் ஒடுங்குகிறது. கடைசியில் வளையம் கொக்கியாகிவிடும். ஓர வரிசை உறிஞ்சிகள் உதிர்ந்துபோகும். முதிர்ந்த விலங்கின் மடலில் மிஞ்சுவது இரண்டு வரிசைக் கொக்கிகள்தான், அவற்றில் வயிற்றுப்பக்க வரிசை பெரியது. ஒவ்வொரு கொக்கியையும் ஒரு சதையுறை மூடியிருக்கும், நுனி மட்டும் வெளியே நீட்டும்.

மடலின் அடியில், மணிக்கட்டு மாதிரியான இடத்தில், வட்டமாக ஒரு திட்டு இருக்கும். சிறு உறிஞ்சிகளும் சிறு குமிழ்களும் அதில் கலந்திருக்கும். ஒரு கரத்தின் உறிஞ்சி மறு கரத்தின் குமிழில் பொருந்த, சட்டைப் பித்தான் போட்டது போல இரண்டு கரங்களும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டு மடல்களும் ஒரு குறடின் இரண்டு தாடைகள். வழவழப்பான லாந்தர் மீனை உறிஞ்சியால் பிடித்து நிறுத்துவது கடினம், கொக்கியால் எளிது. இந்தத் திட்டை நினைவில் வையுங்கள். கொக்கி எண்ணும்போது இதுதான் தொடக்கப்புள்ளி.

கேள்வி: எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் இரண்டு பழைய சாடிகள் உள்ளன. இரண்டிலும் "ஒ. பாங்க்ஸி" என்றே எழுதியிருக்கிறது. ஒன்று போரியாலிஜபோனிகாவாக இருக்கலாம் என்கிறார் ஆசிரியர். எப்படிப் பிரிப்பது?

முதலில் சீட்டில் இடம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய வகைப்பாட்டின்படி பாங்க்ஸி அட்லாண்டிக் இனம். போரியாலிஜபோனிகா வடபசிபிக் இனம், ஜப்பான் கரையிலிருந்து வட அமெரிக்காவின் மேற்குக் கரை வரை பரவியது. இரண்டும் ஒரே வலையில் வருவதில்லை. பிடித்த இடம் நம்பகமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சீட்டில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் கொக்கி எண்ணுவதுதான் வழி. ஒரு மடலில், இரண்டு வரிசையும் சேர்த்து, பாங்க்ஸிக்கு 19 முதல் 23 வரை. போரியாலிஜபோனிகாவுக்கு 24 முதல் 27 வரை. எண்ணிக்கை நெருக்கமாக இருப்பதால் ஒரு கொக்கியை விட்டுவிட்டாலும் பெயர் மாறிவிடும். அதனால் எண்ணும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ஆல்கஹாலில் இருக்கும் மாதிரி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற விடுங்கள். காய்ந்து விறைத்த மடலைப் பிரித்தால் கொக்கி உறையோடு பிய்ந்து வரும். கறுப்பு மெழுகுத் தட்டில் மடலை உட்பக்கம் மேலே இருக்குமாறு விரித்து, ஓரத் தோலில் மட்டும் குண்டூசி குத்துங்கள். பத்து மடங்கு பெருக்கம் உள்ள ஸ்டீரியோ நுண்ணோக்கி போதும். தண்ணீருக்குள் மூழ்கவைத்துப் பாருங்கள், காற்றில் வைத்தால் ஈரப் பளபளப்பு கண்ணை ஏமாற்றும்.

மணிக்கட்டுத் திட்டிலிருந்து தொடங்குங்கள். திட்டில் உள்ள உறிஞ்சிகளைச் சேர்க்காதீர்கள். திட்டை ஒட்டிய முதல் இரண்டு மூன்று கொக்கிகள் மிகச் சிறியவை, உறைக்குள் முழுதாகப் புதைந்திருக்கும். மழுங்கிய ஊசியால் உறையைப் பின்னுக்குத் தள்ளினால்தான் நுனி தெரியும். எண்ணிக்கை குறைவாக வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு பெரிய வரிசையைத் தனியாக, சிறிய வரிசையைத் தனியாக எண்ணுங்கள். மடலின் நுனியில் மறுபடியும் ஒரு சிறு உறிஞ்சிக் கொத்து வரும், அதையும் விட்டுவிட வேண்டும். கொக்கி விழுந்த இடத்தில் காலி உறை நிற்கும். அதைக் கொக்கியாகவே கணக்கில் எடுங்கள், ஆனால் குறிப்பில் "காலி உறை" என்று தனியாகப் பதியுங்கள்.

மொத்தத்தை மட்டும் எழுதாமல் "இடது 11+11, வலது 11+10 (ஒரு காலி உறை)" என்ற வடிவில் எழுதிவைத்தால் பின்னால் வருகிறவர் சரிபார்க்க முடியும். வேறொருவரை உங்கள் எண்ணைப் பார்க்காமல் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண் வரும்வரை சீட்டைத் தொட வேண்டாம்.

கேள்வி: எண்ணினேன். ஒரு மடலில் 23, மற்றதில் 24. இப்போது என்ன பெயர்?

இப்போதைக்கு "ஒனிகோட்யூதிஸ், இனம் உறுதியாகவில்லை". இப்படி எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தவறான இனப்பெயரைவிட இந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

மூன்று காரணங்களைச் சரிபாருங்கள். ஒன்று, விலங்கு இளசா? மடலின் ஓரத்தில் உறிஞ்சிகள் இன்னும் மிஞ்சியிருந்தால் மாற்றம் முடியவில்லை என்று பொருள். அந்த மடலை வைத்து எண்ணிக்கை சொல்லக் கூடாது. இரண்டு, ஒரு கரம் எப்போதோ அறுந்து மறுபடி வளர்ந்ததா? அப்படி வளர்ந்த மடல் மற்றதைவிடக் குட்டையாக, கொக்கிகள் சிறுத்து இருக்கும். அப்போது நல்ல மடலின் எண்ணை மட்டும் கொள்ளுங்கள். மூன்று, திட்டருகே புதைந்த கொக்கி ஒன்று விட்டுப்போயிருக்கலாம். 23, 24 என்ற எல்லையில் வரும் வழக்குகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பசிபிக்கில் கிடைத்த மாதிரியில் எண் 24-க்குக் கீழே வந்தால் உடனே "பாங்க்ஸி" என்று எழுதிவிடாதீர்கள். வடபசிபிக்கின் வெப்பப் பக்கத்தில் ஹவாயை மையமாகக் கொண்டு 1913-இல் விவரிக்கப்பட்ட ஒ. காம்பாக்டா இருக்கிறது. தென்பசிபிக்கில் 1990-இல் பெயர் பெற்ற ஒ. மெரிடியோபசிபிகா இருக்கிறது. 2008-இல் மட்டும் பசிபிக்கிலிருந்து ஒ. புரோலாட்டா, ஒ. லாக்ரிமா என்று இரண்டு புதிய இனங்கள் சேர்ந்தன. "போரியாலிஜபோனிகா இல்லை" என்பது வரைதான் கொக்கி எண்ணிக்கை சொல்லும், அதற்கு மேல் அதைக் கேட்கக் கூடாது.

கேள்வி: ஒளியுறுப்புகளை வைத்தும் பிரிக்கலாம் என்கிறார்களே?

துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். இரண்டு இனங்களிலும் குடலின் அடிப்பக்கம் இரண்டு ஒளியுறுப்புகள், முன்னது ஆசனவாய்க்கு அருகில், பின்னது மைப்பையின் மேல். இரண்டிலும் பின்னது பெரியது. போரியாலிஜபோனிகாவில் இவை ஒப்பளவில் சிறியவை, குறிப்பாக முன்னது மிகவும் சிறுத்துப்போயிருக்கும். பக்கத்தில் பாங்க்ஸியை வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். தனியாக ஒன்றைப் பார்த்து "இது சிறியது" என்று சொல்வது கடினம்.

பார்க்கும்போது செய்யும் பெரிய தவறு கத்தி போடும் இடம். மேன்டிலை, அதாவது உள்ளுறுப்புகளைப் பைபோல மூடியிருக்கும் தசைச் சுவரை, நடுக்கோட்டிலேயே கீறினால் கத்திமுனை நேராக ஒளியுறுப்பின் மேல் இறங்கும். நடுக்கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி, இடப்பக்கமோ வலப்பக்கமோ கத்தரிக்கோலின் மழுங்கிய முனையை உள்ளே விட்டு, மேன்டில் சுவரை மேலே தூக்கிப் பிடித்தபடியே வெட்டிச் செல்லுங்கள். மைப்பையை அழுத்தாதீர்கள். மை கசிந்துவிட்டால் எல்லாம் கறுத்து முன் ஒளியுறுப்பு தெரியாமலே போகும். கசிந்துவிட்டால் துடைக்கவே கூடாது, ஊசிக்குழாயில் தண்ணீர் எடுத்து மெல்லப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கேள்வி: பழைய நூல்களில் பாங்க்ஸி "உலகின் எல்லா வெப்பக் கடல்களிலும்" இருப்பதாகப் போட்டிருக்கிறது. நீங்கள் அட்லாண்டிக் என்கிறீர்கள். எது சரி?

நூல் எழுதப்பட்ட காலத்துக்கு அது சரி. நகம் உள்ள, ஒளியுறுப்பு உள்ள எந்தக் கணவாய் கிடைத்தாலும் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக அதற்கு ஒரே பெயர்தான் வைத்துவந்தார்கள்.

அந்தப் பெயரின் கதை 1816-இல் கேப்டன் டக்கி தலைமையில் காங்கோ ஆற்றுக்குப் போன பிரிட்டிஷ் பயணத்தில் தொடங்குகிறது. ஜான் கிராஞ்ச் என்ற சேகரிப்பாளர் வழியில் கடல் விலங்குகளைச் சேர்த்தார். அவர் அந்தப் பயணத்திலேயே இறந்துபோனார். மாதிரிகள் மட்டும் லண்டன் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்த வில்லியம் எல்ஃபர்ட் லீச், 1817-இல் இந்தக் கணவாய்க்கு இயற்கையியலர் ஜோசப் பாங்க்ஸின் பெயரைச் சூட்டினார். அப்போது அதை லோலைகோ பேரினத்தில் வைத்தார். அடுத்த ஆண்டு லிக்டன்ஸ்டைன் ஒனிகோட்யூதிஸ் பேரினத்தை ஏற்படுத்தினார். கிராஞ்சின் பெயர் கண்ணாடிக் கணவாய்களான கிராஞ்சியாவுக்குப் போய்ச் சேர்ந்தது, அது வேறு கதை.

1927-இல் ஒகாடா ஜப்பானியக் கடலிலிருந்து போரியாலிஜபோனிகாவைத் தனி இனமாக விவரித்தார். பிறகும் பசிபிக், இந்தியப் பெருங்கடல் பட்டியல்களில் பாங்க்ஸி என்ற பெயர் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. 2010-இல் காத்ரின் போல்ஸ்டாட் குடும்பம் முழுவதையும் மறுஆய்வு செய்து வெளியிட்ட பின்தான் பெரும்பாலானோர் பெயரைச் சுருக்கிப் பயன்படுத்தத் தொடங்கினர். பழைய நூலில் உள்ள "பாங்க்ஸி" உடல் நீளம், உணவு, பரவல் எதையும் அப்படியே ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அந்த எண்களுக்குள் நான்கைந்து இனங்கள் கலந்திருக்கும்.

கேள்வி: மெத்தென்று களிபோல இருக்கும் ஒரு பெண் கணவாய், பற்றுக்கரமே இல்லை. ஆனால் முதுகில் கருங்கோடும் வயிற்றில் ஒளியுறுப்பும் இருக்கின்றன. புதிய இனமா?

இதே ஆவல் 1891-இல் அப்பெல்லாஃபுக்கும் வந்தது. அப்படியொரு மாதிரியை வைத்து அவர் சாவ்னோட்யூதிஸ் என்ற புதுப் பேரினத்தையே உண்டாக்கினார். நூறு ஆண்டுக்கு மேல் அது பட்டியல்களில் தனிப் பேரினமாக நின்றது. 1997-இல் ஆர்கிப்கினும் நிக்மதுலினும் பல பருவத்து மாதிரிகளை வரிசைப்படுத்திப் பார்த்து, இது ஒனிகோட்யூதிஸின் முதிர்ந்த, முட்டையிடும் நிலைப் பெண்தான் என்று காட்டினார்கள். முட்டை முதிரும்போது உடல் தன் தசையையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. மேன்டில் சுவர் இளகிக் களியாகிறது. பற்றுக்கரங்கள் அறுந்து விழுகின்றன. அதற்கு மேல் அந்த விலங்கு வேட்டையாடப் போவதில்லை.

ஒனிகியா இன்ஜென்ஸ் என்ற தென்கடல் உறவினத்திலும் இந்தத் தசைச் சிதைவு நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது.

உங்கள் மாதிரியில் கைகளின் மூன்றாவது, நான்காவது சோடிக்கு நடுவே பாருங்கள். பற்றுக்கரம் அறுந்த அடிக்கட்டை ஒரு தழும்பாகத் தெரியும். மடலே இல்லாததால் கொக்கி எண்ண வழியில்லை. மரபணுத் துண்டு எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண் கணவாயின் ஒரு கை மாறுபட்டிருக்கும் என்று படித்திருக்கிறோம். இதில் எட்டுக் கைகளும் ஒரே மாதிரி. எல்லாமே பெண்ணா?

இந்தக் குடும்பத்தில் ஆணுக்கு மாறிய கை கிடையாது. பால் அறிய மேன்டிலைத் திறந்தே ஆக வேண்டும். பெண்ணுக்கு வயிற்றில் வெள்ளையாக இரட்டைச் சுரப்பிகள் நீளவாக்கில் கிடக்கும். ஆணுக்கு இடப்பக்கத்தில் விந்துப்பை உறுப்பும், அதிலிருந்து நீளும் ஆண்குறியும் தெரியும். கை மாறாததால் விந்துப்பொதிகளை நேரடியாக ஆண்குறியாலேயே பெண்ணின் உடலில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒனிகியா இன்ஜென்ஸில் அந்தப் பொதிகள் தாமாகவே தோலைத் துளைத்துத் திசுவுக்குள் இறங்குவதை 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பெண்ணின் தோலில் வெள்ளை நூல்போல ஏதாவது பதிந்திருந்தால் ஒட்டுண்ணி என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆராய்ச்சிக் கப்பலில் புதிதாகக் கிடைத்தால் எப்படிப் பதப்படுத்துவது? நாங்கள் போன முறை வைத்தவை ஒரு வருடத்தில் சிதைந்துவிட்டன.

வரிசை முக்கியம். ஃபார்மலினில் போட்டபின் செய்ய முடியாத வேலைகளை முதலில் முடியுங்கள்.

முதலில் படம், அளவுகோலோடு. பிறகு மேன்டிலின் முதுகுப்பக்க நீளத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள்: மேன்டிலின் முன்விளிம்பு நடுப்புள்ளியிலிருந்து பின்நுனி வரை. பற்றுக்கரத்தின் நீளத்தை அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது ரப்பர் மாதிரி, இழுத்தவர் எவ்வளவு இழுத்தாரோ அவ்வளவு வரும்.

அடுத்து, மேன்டில் தசையில் ஒரு சுண்டைக்காய் அளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். இது மரபணுவுக்கு. வழக்கமாகப் படிக்கப்படும் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டு சுமார் 650 எழுத்து நீளம். ஃபார்மலின் பட்டுவிட்டால் அந்த நீளத்துக்கு உடையாத மரபணு கிடைப்பது அரிது. வயது கணிக்க வேண்டுமென்றால் தலைக் குருத்தெலும்பின் அடிப்பக்கத்தைக் கீறி, இரண்டு சமநிலைக் கற்களையும் எடுத்து ஆல்கஹாலில் வையுங்கள். அவை சுண்ணாம்புப் பொருள். அமிலமான ஃபார்மலின் அவற்றைக் கரைத்துவிடும். நாளுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களும் அதோடு போய்விடும். கொக்கிக்கு இந்த ஆபத்து இல்லை, அதில் சுண்ணாம்பு கிடையாது.

இனி ஃபார்மலின். கடையில் வரும் ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம். அதில் ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்கும் சேர்த்தால் வருவதுதான் "10 சதவீத ஃபார்மலின்". அதில் ஃபார்மால்டிஹைடு ஏறக்குறைய 4 சதவீதம். நிறைய இடங்களில் தவறு இங்கேதான் நடக்கிறது. "4 சதவீதம் வேண்டும்" என்று படித்துவிட்டு, ஏற்கெனவே நீர்த்ததை மறுபடி நீர்த்துவிடுகிறார்கள். உங்கள் மாதிரிகள் ஒரு வருடத்தில் சிதைந்ததற்கு இது காரணமாக இருக்கலாம். இன்னொரு சாத்தியம், மேன்டிலுக்குள் திரவம் போகாமல் உள்ளிருந்து அழுகியது. கணவாயின் செரிமானச் சுரப்பி பெரியது, நொதிகள் நிறைந்தது. முதலில் கெடுவது அதுதான்.

அமிலத்தை அடக்க, ஒரு லிட்டர் கரைசலுக்கு ஒற்றைச் சோடியம் பாஸ்பேட் (ஒரு மூலக்கூறு நீர் உள்ள வகை) 4 கிராம், நீரற்ற இரட்டைச் சோடியம் பாஸ்பேட் 6.5 கிராம். இந்தக் கலவைக்குக் காய்ச்சி வடித்த நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். கடல்நீரில் கரைத்தால் கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கி மாதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

விலங்கைத் தட்டில் நேராகக் கிடத்தி, கைகளை அருகருகே நீட்டி, மடல்களை உட்பக்கம் தெரிய விரித்து, கரைசலை மூடும் அளவு ஊற்றுங்கள். உள்ளங்கை நீளத்தைத் தாண்டிய மாதிரி என்றால் மேன்டிலுக்குள்ளும் தலைக்குள்ளும் ஊசியால் கரைசலைச் செலுத்துங்கள். ஒன்றிரண்டு நாளில் வடிவம் விறைத்தபின் சாடிக்கு மாற்றலாம். சாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலங்கு இருக்கக் கூடாது. பெரிய மாதிரிக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு ஒரு நாள் தண்ணீரில் அலசி, 30, 50 என்று படிப்படியாக ஏற்றி 70 சதவீத எத்தனாலில் நிரந்தரமாக வையுங்கள். நேராக 70-இல் போட்டால் சுருங்கிச் சுருண்டுவிடும்.

ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். சீட்டைப் பென்சிலால் எழுதி சாடிக்கு உள்ளேயே போடுங்கள். இடம், நாள், ஆழம், வலை வகை நான்கும் அதில் இருக்கட்டும். கொக்கியே எண்ண முடியாத காலத்தில் அந்த இடக்குறிப்புதான் இனத்தைச் சொல்லப் போகிறது.

கேள்வி: எண்ணெய்த் திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த கணவாய் அலகுகளை (கிளிமூக்கு போன்ற கடினமான வாயுறுப்புகளை) வைத்து இந்த இரண்டு இனங்களையும் பிரிக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலகு செரிக்காமல் தங்குவதால் இரையை அறிய அது அருமையான சான்று. மால்கம் கிளார்க் 1986-இல் வெளியிட்ட அலகுக் கையேடு இன்றும் மேசையில் இருக்க வேண்டிய நூல். ஆனால் ஒனிகோட்யூதிஸின் கீழலகு பேரினம் வரைதான் நம்பகமாகக் கொண்டுபோகும். திமிங்கலம் வடபசிபிக்கில் பிடிபட்டது என்பதற்காக எல்லா அலகையும் போரியாலிஜபோனிகா கணக்கில் எழுதும் பழக்கம் உண்டு. அது ஊகம், அடையாளம் காண்பது ஆகாது. வயிற்றில் கொக்கிகள் தனியாகக் கிடைத்தால் எண்ணிக்கை எதையும் சொல்லாது. முழு மடல் கிடைத்தால் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: இவை சாப்பிட ஏற்றவையா?

போரியாலிஜபோனிகா ஏற்றது. ஜப்பானின் வடகிழக்கே வேறு கணவாய்க்குப் போடும் தூண்டிலில் உடன் வரும். ஒனிகியாவின் பெரிய இனங்களை நாடாதீர்கள். மிதப்புக்காகத் தசையில் அமோனியம் சேர்த்துவைப்பவை அவை. சதை பஞ்சுபோல இருக்கும், கசக்கும்.

கேள்வி: 2025-இல் முதன்முறையாக உயிரோடு படமெடுக்கப்பட்ட பிரம்மாண்டக் கணவாய்க்கும் கொக்கி உண்டே, அதுவும் இவற்றின் உறவா?

தொலைதூர உறவு. நீங்கள் சொல்வது மீசோனிகோட்யூதிஸ் ஹாமில்டோனி. தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே, 2025 மார்ச் 9 அன்று, சுமார் 600 மீட்டர் ஆழத்தில் ஆளில்லாக் கலம் படம்பிடித்தது ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள ஒரு குட்டி. அது கண்ணாடிக் கணவாய்க் குடும்பம், கிராஞ்சிடே. கைகளிலும் கொக்கி, மடலிலும் கொக்கி, மடலில் உள்ளவை அடியில் சுழலக்கூடியவை. ஒனிகோட்யூதிஸின் கொக்கிக்கு அந்தச் சுழற்சி இல்லை.

கேள்வி: இரவில் கப்பல் தளத்தில் தாமாகவே வந்து விழும் கணவாய்கள் இவைதானா?

இவையாகவும் இருக்கலாம், பறக்கும் கணவாய்க் குடும்பமான ஒம்மாஸ்ட்ரெஃபிடேயாகவும் இருக்கலாம். இரண்டும் நீரைப் பீய்ச்சி மேலே எழும்பி, துடுப்பை விரித்துச் சற்றுத் தூரம் சறுக்கும். தளத்தில் கிடப்பதன் புனலை, அதாவது நீரைப் பீய்ச்சும் குழாயை, திருப்பிப் பாருங்கள். மேன்டிலோடு பொருந்தும் பூட்டு தலைகீழான "டி" வடிவில் இருந்தால் ஒம்மாஸ்ட்ரெஃபிடே, நேரான ஒற்றைப் பள்ளமாக இருந்தால் நம் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். எடுக்கும்போது மேன்டிலின் பின்பக்கத்தைப் பிடியுங்கள். மெல்லிய ரப்பர் கையுறையைக் கொக்கி எளிதில் கிழிக்கும். கையுறையில் மாட்டிய கொக்கியை இழுத்துப் பறித்தால் உறையோடு பிய்ந்து வரும், எண்ணிக்கையில் ஒன்று குறையும். மாட்டிக்கொண்டால் கையுறையின் அந்தத் துண்டை வெட்டி, மாதிரியோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.